ரீங்காரம் உரைக்கும் பொய்

தொலைபேசியின் ரிசீவரைக் கையிலெடுத்துக் காதருகே வைத்தவுடன் கேட்கும் அந்த நெடிய ரீங்காரத்துக்கு ஒரு பொருள் இருந்தது. கம்பி அறுபடாமல் இருக்கிறது, மறுமுனையில் இணைப்பகம் விழித்திருக்கிறது, இனி எண்ணைச் சுழற்றலாம் என்பதே அப்பொருள். தலைமுறை தலைமுறையாக மக்கள் அந்த ஒலியை நம்பினர். புயலடித்த இரவிலும் நம்பினர். மின்சாரம் போய் வீடு இருண்டு கிடந்தபோதும் நம்பினர். இன்று எத்தனையோ வீடுகளில் அதே ஒலி கேட்கிறது. ஆயின், அது இணைப்பகத்திலிருந்து வருவதன்று. மேசைக்கு அடியில், தூசி படிந்த மூலையில் கிடக்கும் உள்ளங்கையளவுக் கருவி ஒன்று அதனை எழுப்புகிறது. பழைய ஒலியை அப்படியே நடித்துக் காட்டும் அக்கருவி பழைய வாக்குறுதியையும் காப்பாற்றுகிறதா? விற்பவர் இவ்வினாவை எழுப்புவதில்லை; வாங்குபவருக்கு இப்படி ஒரு வினா உண்டென்பதே தெரிவதில்லை.

அடாப்டர் என்று கடைத்தெருவில் வழங்கும் இந்த இணைப்புப் பெட்டியின் தொழில்திறம் வியப்புக்குரியது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் ஒரு துளையில் வீட்டுத் தொலைபேசியின் கம்பியைச் செருகுகிறார்கள். மற்றொரு துளையை ரௌட்டரோடு இணைக்கிறார்கள். தன் எசமான் மாறியது தொலைபேசிக்குத் தெரியாது. பழைய இணைப்பகம் செப்புக் கம்பி வழியே அனுப்பிவந்த 48 வோல்ட் அளவான மின்னழுத்தத்தின் இடத்தை இப்போது பெட்டி நிரப்புகிறது; மணியடிக்க வேண்டிய நேரத்தில் அதைவிட மிகுந்த அழுத்தமுள்ள மாறுமின்னோட்டத்தையும் அதுவே உண்டாக்குகிறது. பேசுபவரின் குரலை அது நொடிக்கு 8,000 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் எட்டு இலக்கமுள்ள இரும எண்ணாக எழுதிக்கொள்கிறது. ஆக, சுருக்காமல் அனுப்பும் குரலுக்கு நொடியொன்றுக்கு 64,000 இலக்கங்கள். ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்துக் குரலை ஒரு பொதியாகக் கட்டி, மேலே முகவரி எழுதி, இணையத்தில் விட்டுவிடுகிறது. நொடிக்கு ஐம்பது பொதிகள் போகின்றன, ஐம்பது வருகின்றன. ஒவ்வொன்றிலும் குரல் 160 பைட்; அதைச் சேர்ப்பிப்பதற்கான முகவரிச் சுமை 40 பைட். பொதிகள் முன்பின்னாக வந்தால் வரிசைப்படுத்துகிறது. வராமலே போனவற்றின் இடத்தை ஒப்பேற்றுகிறது. இத்தனையும் ஒருவழிக்கு 150 மில்லி நொடிக்குள் நடந்து முடிந்தால் பேசுவோர் தாமதத்தை உணரமாட்டார் என்பது அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணிப்பு.

இது குறுகிய காலத்தில் வந்து சேர்ந்த திறமை. 1995-ஆம் ஆண்டில் இசுரேலைச் சேர்ந்த வோக்கல்டெக் நிறுவனம் இணையத்தில் பேசுவதற்கான மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, பேசும் இருவரும் கணினியின் முன் உட்கார்ந்திருக்க வேண்டும். இருவரும் அதே மென்பொருளை வைத்திருக்க வேண்டும். உரையாடலுக்கு முன்னதாகவே நேரம் குறித்துக்கொள்ளவும் வேண்டும். கடிதம் எழுதி, தேதி குறித்து, அதன்பின் பேசுவதென்றால் அதற்குக் கடிதமே போதுமே! அந்த இடரைத் தீர்த்தது இணைப்புப் பெட்டி. இத்தகைய பெட்டியை உருவாக்கிய கொமோடோ என்னும் சிறு நிறுவனத்தை 2000-ஆம் ஆண்டில் சிஸ்கோ வாங்கியது. அழைப்பை ஏற்படுத்தவும் முடிக்கவும் வேண்டிய பொது விதிமுறையான சிப் 1999-இல் வெளியாகி, 2002-இல் திருத்தமுற்றது. அதே 2002-இல் அமெரிக்காவின் வோனேஜ் நிறுவனம் மாதச் சந்தாவுக்கு இச்சேவையை வீடுகளுக்கு விற்கத் தொடங்கிற்று. கணினியைத் தொட்டும் பாராத பாட்டியார், தாம் பழகிய தொலைபேசியில், தாம் பழகிய முறையில், இணையத்தின் வழியே பேசலானார். தாம் இணையத்தைப் பயன்படுத்துகிறோம் என்பதை அறியாமலே பேசினார் என்பதுதான் இதன் வெற்றி. இதன் கேடும் அங்கேதான் வேர்விட்டது.

நன்மையை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. கடல்கடந்த அழைப்பு என்றாலே கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பேசிய தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது. நலமா, நலம், பணம் கிடைத்ததா, கிடைத்தது என்பதற்குள் கட்டணம் ஏறிவிடும், அழுவதற்குக்கூட நேரமிராது. அந்தச் சிறையை உடைத்த கருவிகளுள் இணைப்புப் பெட்டிக்குச் சிறப்பான இடமுண்டு. அமெரிக்க எண்ணைத் தாங்கிய பெட்டியை ஈப்போவில் உள்ள பெற்றோர் வீட்டில் பொருத்திவிட்டால், அந்நாட்டில் பயிலும் மகன் உள்ளூர் எண்ணுக்கு அழைப்பதுபோல வீட்டுக்கு அழைக்கலாம்; ஈப்போவின் கூடத்தில் மணியடிக்கும். தொலைவுக்கு விலை வைத்து வாழ்ந்த தொலைபேசி நிறுவனங்களின் கணக்கை ஒரு சிறு பெட்டி இவ்வாறு புரட்டிப்போட்டது.

ஆகவே பழைய நிறுவனங்கள் அதனை வெறுத்ததில் வியப்பில்லை. அமெரிக்காவில் மாடிசன் ரிவர் என்னும் தொலைபேசி நிறுவனம் தன் இணையச் சந்தாதாரர்கள் வோனேஜ் அழைப்புகளைச் செய்ய இயலாதவாறு வழியை அடைத்தது. 2005 மார்ச்சு மாதத்தில் அந்நாட்டுக் கூட்டரசுத் தொடர்பு ஆணையம் தலையிட்டது; நிறுவனம் 15,000 டாலர் செலுத்தித் தடையை நீக்க இணங்கியது. சாலையை அமைத்தவன், தன் வண்டியோடு போட்டியிடும் வண்டிக்கு மட்டும் சாலையை மூடுவதை எந்த அறம் ஏற்கும்? இணையத் தொலைபேசியால் ஆபத்து, ஆபத்து என்று அந்நாளில் கூவியவருள் சிலர் மக்களின் உயிருக்காகக் கவலைப்பட்டவர் அல்லர். தம் வருவாய்க்காகக் கவலைப்பட்டவர். அவர்கள் கூச்சலிட்டமையால்தான் உண்மையான ஆபத்தைப் பற்றிய பேச்சும் பொறாமைப் பேச்சாகத் தள்ளப்பட்டது. கயவர் சொன்னார் என்பதற்காக மெய் பொய்யாகிவிடுமா?

உண்மையான ஆபத்து 2005 பிப்ரவரியில் டெக்சாசு மாநிலத்தின் ஹூசுடன் நகரில் வெளிப்பட்டது. ஒரு வீட்டினுள் கொள்ளையர் புகுந்து கணவனையும் மனைவியையும் சுட்டனர். மகள் தொலைபேசியை எடுத்தாள். அவசர உதவிக்கான 911 என்னும் எண்ணை அழைத்தாள். உதவி மையம் கிடைக்கவில்லை. அவ்வீட்டுத் தொலைபேசி இணைப்புப் பெட்டியோடு பொருத்தப்பட்டிருந்தது. அதில் அவசர அழைப்பு வேண்டுமாயின் சந்தாதாரர் தனியே பதிந்து இயக்கிக்கொள்ள வேண்டும். இச்செய்தியை மக்களுக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று குற்றஞ்சாட்டி, மாநிலத் தலைமை வழக்குரைஞர் மறுமாதமே வோனேஜ் மீது வழக்குத் தொடுத்தார். செய்தி எங்குமே எழுதப்படாமல் இல்லை, நிபந்தனைகளிடையே எழுதப்பட்டிருந்தது. சுடப்பட்டுக் கிடக்கும் தாயின் அருகே நின்று நிபந்தனைகளைப் படிப்பவர் எவர்?

சட்டம் விரைந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2005 ஜூன் மாதத்தில் கூட்டரசு ஆணையம் ஆணையிட்டது: பொதுத் தொலைபேசியோடு இணைந்து இயங்கும் இணையத் தொலைபேசி நிறுவனங்கள் யாவும் அவசர அழைப்பை அந்தந்த வட்டாரத்தின் உதவி மையத்துக்கு, அழைப்பவரின் முகவரியோடு சேர்ப்பிக்க வேண்டும், சந்தாதாரர் அதனை விரும்பிக் கேட்டுப் பெறவேண்டும் என்னும் நிலை கூடாது. சேவையின் குறைபாடுகளை விளக்கும் எச்சரிக்கைத் தாள்களைக் கருவியின் மீதோ அருகிலோ ஒட்டிக்கொள்ளுமாறு சந்தாதாரர் ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும். ஒரு நூற்றாண்டுக் காலம் எந்தத் தொலைபேசியின் நெற்றியிலும் இப்படியொரு தாள் ஒட்டவேண்டியிருந்ததில்லை என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும்.

தாள் ஒட்டியதால் தீர்ந்ததா? செப்புக் கம்பி ஒரு வீட்டின் சுவரில் முடிகிறது. எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தாலும் அது எந்தச் சுவர் என்பது இணைப்பகத்துக்குத் தெரியும். பெட்டிக்கோ சுவர் இல்லை. அது பயணப்பெட்டியில் அடங்கும். எந்த ஊரில் இணையத்தோடு இணைத்தாலும் அதே எண்ணில் பேசும். மகனின் அழைப்பை ஈப்போவுக்குக் கொண்டுவந்த அதே சிறப்பு, அவசர ஊர்திக்கு வழி தெரியாமல் செய்யும் குறையும் ஆகிறது. நிறுவனத்தின் ஏட்டில் எந்த முகவரி எழுதப்பட்டிருக்கிறதோ அந்த முகவரிக்கே உதவி செல்லும். 2008 ஏப்ரலில் கனடாவின் கால்கரி நகரில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு உடல்நலம் மோசமாயிற்று. குடும்பத்தார் இணையத் தொலைபேசியில் 911 அழைத்தனர். அவசர ஊர்தி புறப்பட்டது. ஆனால் அது சென்ற இடம், அவர்கள் முன்பு குடியிருந்த மிசிசாகா; கால்கரியிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஊர். காத்திருந்து காத்திருந்து, அண்டை வீட்டுத் தொலைபேசியிலிருந்து மறுபடியும் அழைத்த பின்னரே கால்கரியின் ஊர்தி வந்தது. குழந்தை பிழைக்கவில்லை. உரிய நேரத்தில் வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்ற வினாவுக்கு மருத்துவர் விடை கூறட்டும். தொலைபேசியைப் பற்றிய வினா வேறு. அந்த வீட்டில் ரீங்காரம் கேட்டது, எண் சுழன்றது, மறுமுனையில் மனிதக் குரல் பேசியது. எல்லாம் பழைய தொலைபேசி போலவே நடந்தது. ஒன்றே ஒன்று நடக்கவில்லை.

இவ்விடத்தில் குறுக்கிட்டு, முகவரியை மாற்றாதது குடும்பத்தின் தவறல்லவா என்று வாதிடுவோர் உளர். வாதம் சட்டப்படி செல்லலாம். ஆயின் அவ்வாதமே வழக்கின் உட்கருவைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. எந்தச் சுவரிலிருந்து அழைப்பு வருகிறது என்பதை அறிந்திருக்கும் கடமை முன்பு நிறுவனத்துடையது. கம்பிக்கு மின்சாரம் ஊட்டும் கடமை நிறுவனத்துடையது. கருவி பழுதானால் ஆள் அனுப்பும் கடமையும் அதனுடையதே. பெட்டி வந்ததும் இக்கடமைகள் ஒவ்வொன்றாக இடம்பெயர்ந்து, ஓசையின்றி, குடும்பத்தின் தோளில் ஏறிக்கொண்டன. கட்டணம் குறைந்தது எல்லாருக்கும் தெரிந்தது. கடமை கூடியது எவருக்கும் தெரியவில்லை. விலை குறைந்ததற்கு ஒரு காரணம் தொழில்நுட்பம். மற்றொரு காரணம் இந்தக் கைமாற்றம். முதலாவதை விளம்பரம் முழங்கிற்று. இரண்டாவதைப் பற்றி விளம்பரத்தில் ஒரு சொல்லும் இல்லை.

மின்சாரத்தின் செய்தியைச் சற்று விரித்துரைத்தல் தகும். பழைய இணைப்பகத்தில் வரிசை வரிசையாக மின்கலங்கள் இருந்தன. நகரம் இருண்டாலும் கம்பி இருண்டதில்லை. இணைப்புப் பெட்டிக்கோ வீட்டுச் சுவரிலுள்ள மின்சாரமே உணவு. அதற்கு மட்டுமா? ரௌட்டருக்கும் அதுவே உணவு. தனி மோடம் இருந்தால் அதற்கும். மூன்றில் ஒன்று பட்டினி கிடந்தாலும் தொலைபேசி ஊமை. எந்நேரத்தில் உதவியை நாட வேண்டியிருக்குமோ, புயலும் வெள்ளமும் தீயும் சூழ்ந்த அந்நேரத்தில்தான் மின்சாரம் அறுபடுகிறது.

இதனைக் கற்பனை என்று ஒதுக்க இயலாதபடி பிரிட்டன் அண்மைக் காலத்தில் பாடம் கற்றது. அந்நாடு தன் பழைய தொலைபேசி வலையை முற்றாக நிறுத்தி, வீட்டுத் தொலைபேசிகளை ரௌட்டரில் செருகிப் பேசுமாறு மாற்றி வருகிறது. பெட்டி ரௌட்டருக்குள் புகுந்துகொண்டது என்பதைத் தவிர வேறுபாடு இல்லை. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வடபகுதியைத் தாக்கியபோது பல வீடுகள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அதனையடுத்த புயல்களின் பின்னர், 2022 மார்ச்சில், பிரிட்டனின் முதன்மைத் தொலைபேசி நிறுவனமே தன் மாற்றப் பணியை இடைநிறுத்தியது. கீழே விழுந்தால் உதவிக்கு அழைக்கும் பொத்தானைக் கழுத்தில் அணிந்து தனித்து வாழும் முதியோரின் கருவிகள், மாற்றத்தின்போது இயங்காமற்போன நிகழ்வுகள் வெளிவந்தன. 2023 டிசம்பரில் அரசு நிறுவனங்களைக் கூட்டி, இத்தகையோரைக் கட்டாயமாக மாற்றுவதில்லை என்று உறுதிமொழி வாங்கிற்று. 2025-இன் இறுதி என்றிருந்த கெடு 2027 ஜனவரி 31 என ஒத்திவைக்கப்பட்டது. மின்தடையின்போது அவசர அழைப்புக்கு வேறு வழியில்லாத வீடுகளுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் தாங்கும் ஏற்பாடு வேண்டும் என்பது அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் நெறி. புயலோ நாட்கணக்கில், மின்கலமோ மணிக்கணக்கில்!

செல்வமும் சட்டமும் மிகுந்த நாட்டில், இருபது ஆண்டு முன்னெச்சரிக்கை கிடைத்த பின்னரும் இந்நிலை என்றால், காரணம் தொழில்நுட்பத்தின் வறுமையன்று. ஒளியிழை வழியே வரும் இணைப்பில், நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே மின்சாரம் கேட்கும் கருவி பெரும்பாலும் இல்லை. ஒளி தானே பிரிந்து தானே வந்து சேர்கிறது. ஆகவே வீட்டினுள் உள்ள சிறு பெட்டிகளுக்கு ஒரு மின்கலம் வைத்தால் போதும், தொலைபேசி பேசும். அவை உண்ணும் மின்சாரம் மிகச் சொற்பம். கணினிக்கென விற்கப்படும் எளிய காப்பு மின்கலமே அவற்றைச் சில மணி நேரம் தாங்கும். இவ்வளவு எளிதான ஒன்றைப் பெட்டியோடு சேர்த்துத் தர நிறுவனங்கள் தயங்குவதேன்? தந்தால், மின்சாரம் போனால் தொலைபேசி போய்விடும் என்ற உண்மையை விற்பனை மேடையிலேயே சொல்ல வேண்டிவரும். உண்மையைச் சொல்லும் செலவு மின்கலத்தின் செலவைவிட மிகுதி என்று அவை கணக்கிட்டிருக்கலாம்.

இனி, பெட்டி யாருடையது என்னும் வினா. பணம் கொடுத்து வாங்கியவருடையது என்று குழந்தையும் சொல்லும். ஆயின் பல நிறுவனங்கள் தம் பெட்டிகளைத் தம் சேவைக்கு மட்டுமே இயங்குமாறு பூட்டி விற்றன. சிப் என்பது எல்லார்க்கும் பொதுவான விதிமுறை. அதன்படி இயங்கும் பெட்டி எந்த நிறுவனத்தோடும் பேச வல்லது. வல்லமையைக் கொடுத்துவிட்டு வாயைக் கட்டுவதே பூட்டு. 2007 ஜூலையில் அமெரிக்காவின் சன்ராக்கெட் நிறுவனம் திடீரென்று மூடப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர் அதனை நம்பியிருந்தனர். அவர்களுள் பலர் ஓராண்டுக் கட்டணமான 199 டாலரை முன்பணமாகச் செலுத்தியவர். பணம் போனது ஒருபுறமிருக்க, மேசையிலிருந்த பெட்டியும் சாவி தொலைந்த பேழையாயிற்று. செப்புக் கம்பியைத் தந்த பழைய நிறுவனத்தைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். அது ஒரு திங்கட்கிழமைக் காலையில் சொல்லாமல் மறைந்ததில்லை. வேறு வகையான இணையப் பேச்சுக்கும் இதே கதி உண்டு. 2003-இல் தோன்றி உலகெங்கும் பரவிய ஸ்கைப்பைக்கூட அதன் உரிமையாளரான மைக்ரோசாப்ட் 2025 மே மாதத்தில் மூடிவிட்டது. ஒரு நிறுவனத்தின் கணினி அணைந்தால் உலகத்தின் வாய் அடைபடும் என்றால், அது தொலைபேசி என்ற பெயருக்குத் தகுமா?

கைப்பேசி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்க, வீட்டுத் தொலைபேசிக்காக இத்துணை வாதம் ஏன் என்பாரும் உளர். இவ்வாதம் வலிமையானதுதான். கைப்பேசிக்குத் தனி மின்கலம் உண்டு. இருப்பிடத்தை ஓரளவு அறிவிக்கும் ஆற்றலும் உண்டு. ஆனால் கைப்பேசி ஒருவருடையது. வீட்டுத் தொலைபேசி வீட்டினுடையது. தந்தை வேலைக்குச் சென்றால் கைப்பேசியும் உடன் செல்கிறது. வீட்டில் எஞ்சும் பாட்டியாருக்கும் பள்ளி விட்டு வந்த சிறுவனுக்கும் எஞ்சுவது சுவரோரத்துத் தொலைபேசி. கடவுச்சொல் கேட்காமல், மின்னேற்றம் கேட்காமல், எடுத்தவுடன் பேசவேண்டிய பொருள் அது. அதை விட்டொழிக்க விரும்பும் குடும்பம் விட்டொழிக்கட்டும். வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு அது உண்மையான தொலைபேசியாக இருக்கவேண்டும் என்பதே வழக்கு. மேலும், மின்தடை நீண்டால் கைப்பேசிக் கோபுரங்களின் மின்கலங்களும் தீர்ந்துபோகும் என்பதை இவ்வாதம் புரிவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்வோர் இதனை வெளிநாட்டுக் கதையாகக் கொள்ளுதல் ஆகாது. மலேசியாவில் 2010 மார்ச்சில் யூனிஃபை ஒளியிழைச் சேவை தொடங்கியதிலிருந்து, அதனை ஏற்ற வீடுகளின் தொலைபேசி இணைய வழியே பேசுகிறது. தனிப் பெட்டி கண்ணில் படாததால் பலர் அதனைப் பழைய தொலைபேசி என்றே எண்ணுகின்றனர். 0154 எனத் தொடங்கும் எண்கள் இணையத் தொலைபேசிக்கென ஒதுக்கப்பட்டவை. சிங்கப்பூர் அரசு 2005-ஆம் ஆண்டிலேயே நுட்பமான ஒரு வழியைக் கண்டது. 6 எனத் தொடங்கும் வழக்கமான எண்ணை வழங்க விரும்பும் இணையத் தொலைபேசி நிறுவனம், அவசர அழைப்பு உள்ளிட்ட பழைய தொலைபேசியின் கடமைகளை ஏற்கவேண்டும். கடமை இலேசாக வேண்டுமாயின் 3 எனத் தொடங்கும் எண்ணைப் பெறலாம். எண்ணின் முதல் இலக்கமே உண்மையைப் பேசுமாறு செய்த இந்த ஏற்பாடு போற்றத்தக்கது. ரீங்காரம் மறைப்பதை இலக்கம் வெளிப்படுத்துகிறது. ஆயினும் இலக்கத்தின் பொருளை வீட்டிலுள்ளோர்க்கு விளக்கியவர் யார்? அறிவித்தால் கடமை முடிந்தது என்று ஆணையங்கள் கருதலாம். அறிந்தாரா என்று பார்ப்பதும் ஒருவரின் கடமையாக இருத்தல் வேண்டும்.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இங்கே பணி உண்டு. கட்டுரைப் போட்டிதோறும் அறிவியல் ஆக்கமா அழிவா என்ற தலைப்பு சலிக்காமல் வந்துகொண்டிருக்கிறது. மாணவரும் சலிக்காமல் அணுகுண்டையும் மின்விசிறியையும் இரு தட்டில் வைத்து, நன்மையே மிகுதி என்று முடித்துப் பரிசு பெறுகின்றனர். வீட்டு மூலையில் பச்சை விளக்கோடு சிமிட்டும் பெட்டியைப் பற்றி ஒரு வரி எழுதுவோர் அரியர். அதற்குச் சொல் கிடையாது என்பர். சொல் கிடைக்காமலில்லை, கேட்கப்படவில்லை. கலைச்சொல்லாக்கத்தில் நாட்டமுடைய சான்றோர் ரௌட்டரைத் திசைவி என்பதா வழிப்படுத்தி என்பதா என்று வாதிட்டு முடிப்பதற்குள், எந்த விளக்கு அணைந்தால் தொலைபேசி அணையும் என்பதைத் தமிழில் நான்கு வாக்கியங்களில் எழுதியிருக்கலாம்.

ஒரு வகுப்பு இதனைச் செய்து பார்க்கலாம். பெற்றோரின் இசைவோடு வீட்டின் மின்சார இணைப்பை ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, ரிசீவரை எடுத்துக் கேட்டதை எழுதிவருமாறு ஆசிரியர் பணிக்கலாம். முப்பது மாணவர் எழுதிவரும் முப்பது பத்திகளை ஒப்பிட்டால் எந்த வீட்டில் எவ்வகைத் தொலைபேசி இருக்கிறது என்பது பாட்டியார்க்கும் பேரர்க்கும் விளங்கிவிடும். அவசர உதவி எண்ணை அழைத்துச் சோதித்தல் மட்டும் கூடாது. அந்த வழி உண்மையான துன்பத்துக்கு உரியது. நிறுவனத்தின் ஏட்டில் எந்த முகவரி இருக்கிறது என்பதை வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துக் கேட்டறிந்து வருவது அடுத்த வாரத்துப் பயிற்சியாகலாம். வீடு மாறிய பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

அமெரிக்க ஆணையம் 2005-இல் கேட்ட ஒட்டுத்தாளைத் தமிழில் எழுதுவதும் கடினமன்று. பெட்டியின் முதுகில் மறைத்து ஒட்டாமல், தொலைபேசியின் மேலேயே பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். அன்றாடப் பேச்சுத் தமிழில், வாசிக்கப் பழகிய எவரும் விளக்கின்றி உணருமாறு இருக்க வேண்டும். "மின்சாரம் போனால் இந்தத் தொலைபேசி பேசாது. வீடு மாறினால் கம்பெனிக்குப் புது முகவரி சொல்லுங்கள். உதவிக்கு அழைத்தால் முதலில் முகவரியைச் சொல்லுங்கள்." இதற்குக் கீழே, அந்த வீட்டின் முகவரியைப் பேரப்பிள்ளை தன் கையால் எழுத ஓர் இடம்.